பாதிப் பாலம், ஒரு ஜோடிச் செருப்பு

கண்ணாடிக்கடைக்காரர் செத்துப்போன தகவல் அவருக்குத் தொலைபேசியில்தான் வந்தது. அப்போது அவர் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் புதுச் சட்டத்தை ஏற்றிவிட்டு, "கீழ் வரி தெரியுதா பாருங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"உப்பு வியாபாரிதானே பேசறது?"

மாமா போன பிறகு அந்தப் பெயரால் யாரும் தன்னைக் கூப்பிட்டதில்லை என்பதால் அவருக்கு ஒரு நொடி சந்தோஷமாகவே இருந்தது. "ஆமாங்க, நான்தான்" என்றார்.

"கற்பனை மரபு மீட்பு வாரியத்துலேர்ந்து செயலாளர் பேசறேன். நீங்க இறந்துட்டீங்க சார். வாரியத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்."

"எப்போ?"

"முதல் ஆட்டத்துலயே. பாலம் உடைஞ்சு."

"அதுக்கப்புறம் இருபது வருஷம் ஆடியிருக்கேனே!"

"அந்த முறைகேட்டைப் பத்தித்தான் பேசணும். நேர்ல வாங்க. வரும்போது அடையாள அட்டை கொண்டு வாங்க."

தொலைபேசியை வைத்தவரின் முகத்தைப் பார்த்த வாடிக்கையாளர், "கெட்ட சேதியா?" என்று கேட்டார்.

"வீட்ல ஒருத்தர் தவறிட்டாரு."

"அடடா. யாரு?"

"நான்தான். கீழ் வரி தெரியுதா?"

எல்லா வரியும் பிரமாதமாகத் தெரிவதாகச் சொல்லிவிட்டு அந்த மனிதர் கடையை விட்டு இறங்கினார். சட்டத்தில் அதுவரை கண்ணாடியே போட்டிருக்கவில்லை.

கண்ணாடிக்கடைக்காரரின் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கயிற்றுக்கடை நடத்தியவர். கயிறு அவசரத்துக்கு வாங்குகிற சரக்கு அல்ல. அவசரமாகக் கயிறு கேட்டு வருகிறவனை மாமா உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பேசி, வெறுங்கையோடுதான் வீட்டுக்கு அனுப்புவார். ஆக, கடையில் நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் அவர் ஒரு நாட்டை உண்டாக்கினார். அதற்கு உவர்நாடு என்று பெயர் வைத்தார். அதில் உப்பளம் இருந்தது, ஏழு துறைமுகம் இருந்தது, ராஜாக்களைவிடச் சுங்கச்சாவடிகள் அதிகமாக இருந்தன. வியாபாரி உண்டாக்கிய நாடு அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னறையில், ஒரு கால் குட்டையான மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அந்த நாட்டில் ஆடுவார்கள். மாமா கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கண்ணாடிக்கடைக்காரர் உப்பு வியாபாரி. அக்கா சுங்கச்சாவடிக்காரி, அது அவளுக்கு நடிப்பே அல்ல. பெரிய மீசை வைத்த வேன் டிரைவர் ஒருவர் உண்டு. அவர் இளவரசி. மலையேறலாமா, கப்பல் தப்புமா என்பதையெல்லாம் பகடை முடிவு செய்யும்.

முடிவு செய்யும் என்று சொன்னது பேச்சுக்குத்தான். முதல் ஞாயிறே பகடையில் ஒன்று விழுந்தது.

"பாலம் உடைஞ்சுது. உப்பு வியாபாரி ஆத்துல விழுந்தான். செத்தான்" என்றார் மாமா.

"என்ன மாமா, இப்பத்தான் வந்து உக்காந்தேன்! பாதிப் பாலமாவது விட்டுக் கொடுங்க."

மாமாவின் கண்ணில் கடைக்காரன் விழித்துக்கொண்டான். "பாதிப் பாலத்துக்கு என்ன தர்ற?"

"ஒரு மூட்டை உப்பு."

"மழையில கரைஞ்சாச்சு. வேற?"

"கால்ல இருக்கிற செருப்பு."

"புதுசா?"

"போன வாரம் வாங்கினது. ஜோடியா தர்றேன் மாமா."

"ஒத்தைச் செருப்பை வச்சு நான் என்ன பண்றது? கழட்டி ஆத்துல போடு. சரி, பாதிப் பாலம் நிக்குது."

அன்றிலிருந்து அதுதான் ஆட்டம். பகடை விழுந்ததும் பேரம் ஆரம்பிக்கும். சாவிலிருந்து சளிக்காய்ச்சல் வரை எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. இளவரசி தன் பாடும் குரலைக் கொடுத்து ஒரு முற்றுகையை விலக்கினார். உப்பு வியாபாரி ஒரு நிழலைக் கொடுத்துப் படகு வாங்கினார். இந்த விதியை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மீனுக்கு யார் நீச்சல் விதி எழுதிக் கொடுப்பார்கள்?

மாமா எழுதி வைத்தது வேறு. ஒவ்வொரு வாரமும் ஞாயிறன்று என்ன நடக்கப்போகிறது என்று கயிற்றுச் சுருளோடு வரும் அட்டைகளில் குறித்துக்கொள்வார். ஞாயிறன்று அது நடக்காது. ஆட்டத்தைப் பற்றி யாரோ ஒரு சின்னப் புத்தகம்கூடப் போட்டார்கள். பல ஊர்களில் பலர் ஆடினார்கள். பிறகு புத்தகம் அச்சில் இல்லாமல் போய், ஆடினவர்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மாமாவின் மேஜை மட்டும் நின்றது.

கடைசி ஞாயிறு ஏழாம் துறைமுகத்தின் கதவு வரை வந்திருந்தார்கள். உப்பு வியாபாரியின் கை தாழ்ப்பாளில் இருந்தது. "உள்ள என்ன இருக்குன்னு அடுத்த வாரம் பார்ப்போம்" என்று மாமா கடையைச் சாத்தினார். அந்த வாரத்தின் நடுவில் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் போன பிறகு அக்கா தம்பியிடம் சொன்னாள்: "கதை சொல்ற நாற்காலியில நான் உக்கார்றேன்டா. அந்தக் கதவைத் திறந்துடுவோம். இல்லேன்னா அந்த மனுஷன் வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்கு."

அட்டை மூட்டைகளை அவள் பிரிப்பதற்குள் வாரியம் வந்துவிட்டது. வெள்ளைக் கையுறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூட்டைகளைக் குழந்தைபோலத் தூக்கினார்கள். மூலகர்த்தாவின் கைப்பட எழுதிய குறிப்புகளைக் கொண்டு உவர்நாட்டை மீட்கப்போவதாகவும், அழகாக அச்சிட்டு முதல் பிரதியை அக்காவின் கையில் கொடுப்பதாகவும் சொன்னார்கள். அதுவரை பழைய முறையில் யாரும் ஆடக்கூடாது; ஆடினால் மூலம் சிதையும். பகடையையும் வாங்கிப் போனார்கள். மேஜையையும் கேட்டார்கள். குட்டைக் காலைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து வந்த முதல் தகவல்தான் அந்தச் சாவுச் செய்தி.

வாரியத்தின் கட்டடத்தில் மாடிப்படி ஏறியதும் 'மூலப் பிரிவு' என்று பெரிய பலகை இருந்தது. அதன் கீழே பெஞ்சில் ஒரு பெரியவர் மெத்தை போட்டு ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். "டாக்டர் எப்ப வருவாருங்க?" என்று கண்ணாடிக்கடைக்காரரைக் கேட்டார். அவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. மூன்று மாதமாக வருகிறாராம்.

செயலாளர் மெலிந்த, மரியாதையான மனிதர். கையுறையைக் கழற்றாமலே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு அட்டையை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். 'பாலம் உடைகிறது. உ.வி. சாகிறான்.' மாமாவின் கோணல் கையெழுத்துதான்.

"இது உங்க மாமா எழுத்துதானே?"

"அவரு எழுத்துதான். ஆனா அது ஆட்டத்துக்கு முன்னாடி எழுதினது சார். அப்புறம் நான் செருப்பைக் கொடுத்து..."

"செருப்பு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. பேசிக்கிட்டோம்."

"பேசிக்கிட்டீங்க." செயலாளர் அந்தச் சொல்லை இடுக்கியால் பிடித்த மாதிரி சொன்னார். "அதைத்தான் வாரியம் முறைகேடுன்னு சொல்லுது."

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. "அடுத்த அட்டைகளையும் பாருங்க சார். அதுலயும் உப்பு வியாபாரி வருவானே? செத்தவன் எப்படி வருவான்?"

செயலாளர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல மலர்ந்தார். "அங்கதான் எங்க ஆய்வுக்குழு சாதிச்சிருக்கு. இரண்டாவது அட்டையிலயும் உப்பு வியாபாரி சாகிறான், கப்பல்ல. மூணாவதுல பாம்பு கடிச்சு. நாலாவதுல கல்யாண வீட்ல. ஒவ்வொரு அட்டையிலயும் சாகிறான். அப்படின்னா என்ன அர்த்தம்?"

"மாமாவுக்கு என்மேல பாசம்னு அர்த்தம்."

"உவர்நாட்டுல உப்பு வியாபாரிகள் ஒரு பரம்பரைன்னு அர்த்தம்! ஒருத்தர் செத்ததும் அடுத்தவர் பதவிக்கு வர்றார். வாரா வாரம் சாகக்கூடிய அரிய குலம். இதுல ஒரு அம்மா முனைவர் பட்டமே வாங்கியிருக்காங்க. நீங்க அந்தக் குலத்துல முதலாமவர். உப்பு வியாபாரி ஒன்று. உங்களுக்குப் பெருமைதான்."

"அப்ப என் படகு?"

"ஒன்பதாமவருடையது."

"மூணாவது துறைமுகத்துல வீடு கட்டினேனே? ஒரு பொண்ணுகூடப் பொறந்துச்சு சார்."

"வீட்டுக்கும் பொண்ணுக்கும் எழுத்து மூலம் ஏதாவது...?"

இல்லை. பெண்ணுக்கு அக்காதான் பெயர் வைத்தாள், சுங்கம் வாங்கிக்கொண்டு. அதுவும் வாய்ப்பேச்சுதான்.

அட்டையின் பின்பக்கத்தில் மாமா எழுதியிருந்த கயிற்று விலைகளையும் வாரியம் விட்டுவைக்கவில்லை. உவர்நாட்டின் நாணயம் கயிறு என்றும், அது முழம் கணக்கில் செல்லும் என்றும் முடிவாகியிருந்தது. சாயம் போட்ட நைலான் கயிறு உயர்குடிக்கு மட்டும்.

கண்ணாடிக்கடைக்காரர் மேல்முறையீடு செய்தார். விசாரணைக்கு அக்காவும் வேன் டிரைவரும் சாட்சியாக வந்தார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்பு குடிநீர் வடிகாலுக்குத் தலைவர், அதற்கு முன்பு கோழி வளர்ப்புக்கு. முகத்தில் எந்தத் துறையின் அடையாளமும் தங்கவில்லை.

"முதல் சாட்சி நீங்கதானே? உங்க பாத்திரம்?" என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு, "இளவரசிங்க" என்றார்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அட்டையைப் பார்த்தார். "மூலத்துல இளவரசி 'கொடி போன்றவள்'னு இருக்கு" என்றார்.

"வண்டி ஓட்டிக் கொஞ்சம் உடம்பு போட்டுடுச்சுங்க."

"சாட்சி நிராகரிக்கப்படுகிறது. அடுத்து?"

அக்கா எழுந்து நின்றாள். "என் தம்பி அன்னைக்குச் சாகல. நான் எதிர்ல உக்காந்திருந்தேன். பாலம் தாண்டி வந்தவன்கிட்ட நான் சுங்கம் வாங்கியிருக்கேன்."

"அம்மா, உங்க கணவர் எழுதினது பொய்யின்னு சொல்றீங்களா?"

"எழுதினது அவர். ஆடினது நாங்க எல்லாரும். அவர் எழுதினதை அவரே வாரா வாரம் மாத்துவாரு. யாராவது நல்ல விலை சொன்னாப் போதும்."

"அவரே மூலத்தைச் சிதைச்சார்னு சொல்றீங்க."

"என்னங்க இது, அவரோட ஆட்டம்!"

தலைவர் பெருமூச்சு விட்டார். "அம்மா, வாரியத்துக்கு ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் எழுதின மூலகர்த்தா. இன்னொருத்தர் ஞாயித்துக்கிழமை உங்களோட உக்காந்து அரட்டை அடிச்ச கயித்துக்கடைக்காரர். முதலாமவரை நாங்க கைகூப்பி வணங்குறோம். ரெண்டாமவருக்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இல்லை."

"ரெண்டாமவரைத்தான் நான் கட்டிக்கிட்டேன்" என்றாள் அக்கா.

அது குறிப்பில் ஏறவில்லை. பொருத்தமற்றது என்று செயலாளர் விட்டுவிட்டார்.

மேல்முறையீடு தள்ளுபடி ஆனது; இருந்தாலும் வாரியம் இரக்கமற்றது அல்ல. மறுநாள் செயலாளர் கண்ணாடிக்கடைக்கே வந்தார். மீட்ட உவர்நாட்டின் திறப்பு விழாவில், மேடையில், முதல் ஆட்டத்தின் முதல் காட்சியில் உப்பு வியாபாரி ஒன்று முறைப்படி இறக்க வேண்டும். உரியவரே இறந்தால் விழாவுக்கு ஒரு கனம் இருக்கும். இறந்து கொடுத்தால், அச்சிட்ட குறிப்புகளின் முதல் பிரதி அன்றே அக்காவின் கைக்கு வரும். இல்லாவிட்டால் வரிசைப்படி, எப்போது என்று சொல்வதற்கில்லை.

கண்ணாடிக்கடைக்காரரின் ரத்தம் தானாக வேலை செய்தது. "சாகாம, மயக்கம் போட்டு விழறேன் சார். பிரதியைக் கொடுத்துடுங்க."

"சாகணும் சார்."

"சரி, செத்து, ரெண்டாவது காட்சியில எழுந்திருக்கிறேன். எனக்காக வேணாம், அக்காவுக்காக."

"ரெண்டாவது காட்சியில ரெண்டாமவர் வருவார். நியமனம் ஆயிடுச்சு."

"கை உடைஞ்சா போதாதா? ரெண்டு கையும்?"

செயலாளர் அவரை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். "சார், நீங்க பேசறது எனக்கு ஒண்ணும் புரியல. நான் கூட்டிக் குறைச்சுச் சொல்லல. சாவுன்னா சாவு. இது கடையில்லை."

இருபது வருஷத்தில் பகடைகூட அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பேரத்தில் தோற்பது வேறு. எதிரில் ஆளே இல்லாதபோது யாரிடம் தோற்பது? அக்கா அந்தக் கதவைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. சாகிறேன் என்று ஒப்புக்கொண்டார். இனிமேல் பழைய முறையில் ஆடுவதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார்.

விழா மண்டபத்தில் பட்டுத்துணி விரித்த மேஜை. நான்கு காலும் சமமாக இருந்தன. நடுவில் மாமாவின் பகடை கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. பகடையில் எது விழுந்தாலும் குறிப்பில் உள்ளதுதான் நடக்கும் என்பதால், உருட்டுவது வீண் தேய்மானம் என்று தணிக்கையில் கண்டுபிடித்திருந்தார்கள். தலைவர் ஒலிபெருக்கிக்கு முன் வந்தார்.

"இந்த மகத்தான ஆட்டத்தைக் கெடுத்தது யார்? ஆடியவர்கள்! ஞாயிறுதோறும் கூடிக் கூடி, சிரித்துச் சிரித்து, மூலத்தைத் தேய்த்துவிட்டார்கள். வாரியம் இந்த ஆட்டத்தை மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட ஆடியதில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். எனக்கு இந்த ஆட்டம் என்னவென்றே தெரியாது. அந்த நடுநிலைமைக்காகத்தான் இந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். நண்பர்களே, இனி உவர்நாட்டில் எதிர்பாராதது எதுவும் நடக்காது என்று உங்களுக்கு உறுதியளிக்கிறேன்!"

மண்டபம் கைதட்டியது. செயலாளர் அட்டையை இடுக்கியில் பிடித்து வாசித்தார்: "பாலம் உடைகிறது. உ.வி. சாகிறான்."

மேடையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கடைக்காரரின் வாய், அவருடைய அனுமதி இல்லாமலே திறந்தது. "பாதிப் பாலமாவது விட்டுக் கொடுங்க..."

ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்க எடுத்துச் சென்றது. முன்வரிசையில் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் இருந்த டிரைவருக்கே தெரியவில்லை.

"சார், சாகுங்க" என்றார் செயலாளர், பல்லுக்குள்.

"ஒரு பலகை..."

"தலையைக் குனிஞ்சாப் போதும் சார். தலைவருக்கு அடுத்து வேற விழா இருக்கு."

அவர் தலையைக் குனிந்தார். கைதட்டல் முதல் தடவையைவிடப் பலமாக இருந்தது. ஒரு அதிகாரி வந்து அவருக்குச் சால்வை போட்டார். பிறகு அது பிணத்துக்கா ஆளுக்கா என்று சந்தேகம் வந்து, திரும்ப எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது இரண்டாமவர் எதிரே வந்தார். கணக்குப் பிரிவில் உதவியாளராம். "அடுத்த காட்சியில எனக்கு எப்படி சார்?" என்று பயந்தபடி கேட்டார். "கப்பல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

பிரதி கனமாக, தங்க எழுத்தில் இருந்தது. மறுநாள் ஞாயிறு. கயிற்றுக்கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு, கள்ளச்சரக்கு இறக்குகிறவர்கள்போல மூன்று பேரும் பின்னறையில் உட்கார்ந்தார்கள். அக்கா கதை சொல்லும் நாற்காலியில் இருந்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"கதவுக்கு அந்தாண்ட என்ன அக்கா?" என்று கேட்டார் டிரைவர்.

"'ஏழாம் துறைமுகம். உ.வி. சாகிறான்.' அவ்வளவுதான் போட்டிருக்கு."

"முன்னாடி பக்கம்?"

"அதுலயும் சாகிறான்." அவள் பக்கங்களைச் சரசரவென்று பின்னோக்கித் தள்ளினாள். "பாரேன். இந்த மனுஷன் வாரா வாரம் இவனைக் கொல்றதைத் தவிர ஒண்ணும் யோசிச்சதே இல்ல. மிச்ச நாடு பூரா நீங்க கத்தின கத்தல்ல வந்தது. அந்தக் கதவுக்குப் பின்னாடி அவருக்கே தெரியாது."

கண்ணாடிக்கடைக்காரர் கையில் தாழ்ப்பாள் இருப்பதுபோல விரல்களை மடக்கி வைத்திருந்தார். பிறகு மெதுவாகப் பிரித்தார். அந்தக் கதவு வரைக்கும் வந்தவன் யாரோ ஆயிரத்துச் சொச்சமாவது ஆள்.

அக்கா புத்தகத்தை எடுத்து மேஜையின் குட்டைக் காலுக்குக் கீழே செருகினாள். மேஜை முதல் முறையாக ஆடாமல் நின்றது.

"சரி. முதல்லேர்ந்து. பகடை இல்ல, அதனால நான் சொல்றதுதான். பாலம் உடைஞ்சுது. நீ விழுந்துட்ட. செத்துட்ட. சபையில தலையையும் குனிஞ்சுட்டு வந்துட்ட."

டிரைவர் தம்பியின் விலாவில் இடித்தார். "கேளுங்க சார்."

"பாதிப் பாலம் குடு."

"என்ன தர்ற?"

அவர் தேடிப் பார்த்தார். படகு ஒன்பதாமவருடையது. வீட்டுக்கும் பெண்ணுக்கும் ஆதாரம் இல்லை. உப்பு மழையில் போயிற்று. திடீரென்று நிமிர்ந்தார். "செருப்பு!"

"அதான் அன்னைக்கே வாங்கியாச்சே."

"அந்தப் பேரமே நடக்கலன்னு வாரியம் சொல்லிடுச்சில்ல? வியாபாரம் ரத்துன்னா அட்வான்ஸ் திரும்பணும். செருப்பு என் கால்லதான் இருக்கு."

அக்காவும் கடைக்காரன் பெண்டாட்டி. அந்தக் கணக்கில் குறை சொல்ல முடியவில்லை. குனிந்து மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். "பழசு."

"ஆத்துல போடவே இல்லியே, எப்படிப் பழசாகும்?"

"போடலன்னா இருபது வருஷம் மாட்டிக்கிட்டு நடந்திருக்க. தேஞ்சிருக்கும். கால் பாலம் தர்றேன். அதுக்கு மேல ஒரு பலகை கிடையாது."

"அன்னைக்கு இதே செருப்புக்குப் பாதி கிடைச்சுது அக்கா."

"அன்னைக்குக் கல்லாவுல உங்க மாமா இருந்தாரு."

டிரைவர் மீசையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வெளியே யாரோ இறங்கிய கதவைத் தட்டி, கயிறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கால் பாலத்தில் நின்றால் அக்கரை எட்டாது. திரும்பினால் போவதற்கு ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு காலால் மற்றொரு காலை அழுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகச் செருப்பைக் கழற்றி, மேஜைக்கு அடியில் அக்கா பக்கமாகத் தள்ளினார்.

"சரி" என்றார். "நிக்கிறேன்."